எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம்: சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் விபத்துக் காயமும்

ஒருநாள் காலையில் சிறுநீர் சிவந்து போகிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. மறுநாள் பார்த்தால் பழையபடி மஞ்சள் நிறம். சூட்டினால் வந்திருக்கும் என்று நினைத்து இரண்டு தம்ளர் தண்ணீர் கூடக் குடித்துவிட்டு அதை மறந்துவிடுகிறோம்.

இன்னொருவர் வாகன விபத்தில் அடிபட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. அவருடைய சிறுநீரிலும் இரத்தம்.

இந்த இருவரையும் பார்ப்பவர் ஒரே மருத்துவர்தான், சிறுநீரியல் நிபுணர். ஆனால் அவர் மனத்தில் ஓடும் கேள்விகள் வேறு வேறு. முதலாமவருக்கு உள்ளே கட்டி ஏதும் இருந்தால், அது சிறுநீர்ப்பையின் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது? இரண்டாமவருக்குச் சுவர் கிழிந்திருந்தால், எந்தப் பக்கமாகக் கிழிந்திருக்கிறது? நூறு ஆண்டுகளுக்கு மேலாக இத்துறையில் நடந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. அதனால் முதலில் அந்தச் சுவரைப் பார்த்துவிடுவோம்.

சுவர்

சிறுநீர்ப்பையைச் சாதாரணப் பை என்று நினைத்தால் அதன் அருமை தெரியாது. அதன் உள்பக்கத்தில் ஐந்து முதல் ஏழு அடுக்குச் செல்கள் கொண்ட ஒரு மெல்லிய பூச்சு உண்டு. அதற்கு யூரோத்தீலியம் என்று பெயர். மேல் அடுக்கில் இருப்பவை குடைபோல் விரிந்து கீழே உள்ளவற்றை மூடுவதால் அவற்றைக் குடைச் செல்கள் என்றே அழைக்கிறார்கள். பை நிறைய நிறைய இந்தச் செல்கள் தட்டையாகி விரியும், காலியானதும் மறுபடி பருத்துக்கொள்ளும். சிறுநீரில் இருக்கும் கழிவு திரும்ப இரத்தத்துக்குள் கசியாமல் தடுப்பதும் இந்தப் பூச்சுதான். சாதாரண நாட்களில் இந்தச் செல்கள் மிக நிதானமாகவே புதுப்பிக்கப்படுகின்றன. காயம் பட்டாலோ சில நாட்களில் பூச்சு மறுபடி வளர்ந்துவிடும். வேகமாகப் பெருகும் அந்தத் திறமைதான் காயத்தை ஆற்றுகிறது. அது கட்டுப்பாடு இழந்தால் கட்டியாகிறது.

பூச்சுக்குக் கீழே இரத்தக்குழாய்கள் ஓடும் தளர்வான இணைப்புத் திசு. அதற்கும் கீழே தடித்த தசை. சிறுநீர் கழிக்கும்போது சுருங்குவது இதுதான். தசைக்கு வெளியே கொழுப்பு. இவை தவிர, பையின் கூரைப் பகுதியை மட்டும் வயிற்றறையின் உறையான பெரிட்டோனியம் போர்வைபோல் மூடியிருக்கும். பக்கவாட்டிலும் அடியிலும் அந்தப் போர்வை கிடையாது. தசை அடுக்கு, பெரிட்டோனியப் போர்வை என்ற இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய்க்கு முதலாவது எல்லைக்கோடு, விபத்துக்கு இரண்டாவது.

சாயத் தொழிற்சாலையில் தொடங்கிய கதை

1895இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், ஃபுக்சின் என்னும் செஞ்சாயம் தயாரிக்கும் தொழிலாளர்களில் சிலருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கவனித்து அறிவித்தார். அவர் கண்டது மூன்று நோயாளிகளை மட்டுமே. ஆனால் அந்த வேலையில் இருந்தவர்களே நாற்பத்தைந்து பேர்தான். அரிதான ஒரு நோய் அவ்வளவு சிறிய கூட்டத்தில் மூன்று பேருக்கு வருவது தற்செயலாக இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. (அடுத்த ஆண்டு, 1896இல், கத்திக்குத்தில் கிழிந்த ஓர் இளைஞனின் இதயத்தைத் தைத்துப் பிழைக்க வைத்தவரும் இதே ரேன்தான். இதயக் காயத்தைத் தைத்து வெற்றி கண்ட முதல் மருத்துவராக வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது. புற்றுநோயும் விபத்துக் காயமும் ஒரே கையில் கூடியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.)

மருத்துவ ஆராய்ச்சி என்றால் பெரிய ஆய்வகம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. தொடக்கம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஒரு மருத்துவர், சில நோயாளிகள், "இது ஏன் இங்கே மட்டும்?" என்ற உறுத்தல். ஆனால் உறுத்தல் நிரூபணம் ஆகாது. சாயத் தயாரிப்பில் எத்தனையோ வேதிப்பொருட்கள் புழங்குகின்றன. அவற்றில் குற்றவாளி எது?

அதற்கு விடை கிடைக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1938இல் வில்ஹெல்ம் ஹ்யூப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் பீட்டா-நாஃப்தைலமைன் என்ற பொருளை நாய்களுக்குத் தொடர்ந்து கொடுத்து, சிறுநீர்ப்பையில் கட்டி உருவாவதைக் காட்டினார்கள். பிறகு 1954இல் பிரிட்டனில் ராபர்ட் கேஸ் தலைமையிலான குழு, சாயத் தொழிலில் இருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் பதிவேடுகளைத் தேடி எடுத்து, யார் எந்தப் பொருளோடு எத்தனை காலம் வேலை செய்தார்கள், அவர்களில் யாருக்கு நோய் வந்தது என்று கணக்கிட்டது. பீட்டா-நாஃப்தைலமைனும் பென்சிடினும் மனிதர்களுக்கும் கேடு என்பது அதில் ஐயமின்றி வெளிப்பட்டது. 1967இல் அந்நாட்டில் இவற்றுக்குச் சட்டத் தடை வந்தது. ரேன் எழுதியதற்கும் தடைக்கும் இடையே எழுபத்திரண்டு ஆண்டுகள். அந்த இடைவெளியில் அந்தத் தூசியையும் ஆவியையும் சுவாசித்து வேலை பார்த்தவர்களை நினைக்காமல் இந்தப் பகுதியைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

சுவாசித்தது நுரையீரல் வழியாக, கேடு வந்தது சிறுநீர்ப்பைக்கு. ஏன்? இந்த வகைப் பொருட்களை நறுமண அமீன்கள் என்கிறோம். உடலுக்குள் வந்தவற்றைக் கல்லீரல் மாற்றி வெளியேற்றப் பார்க்கிறது. அதற்கு உதவும் ஒரு நொதி சிலருக்கு மரபிலேயே மெதுவாக வேலை செய்யும். அப்படிப்பட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல். சரியாக முறிக்கப்படாத பகுதி சிறுநீரில் கலந்து, பையில் மணிக்கணக்கில் தேங்கி, உள்பூச்சுச் செல்களின் மரபணுவில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடலின் மற்ற உறுப்புகளைக் கழிவு கடந்து போகும். சிறுநீர்ப்பையில் அது தங்கும். வேறுபாடு அவ்வளவுதான்.

இதே நறுமண அமீன்கள் சிகரெட் புகையிலும் உண்டு. இன்றைக்குச் சாயத் தொழிற்சாலையைவிடப் பல மடங்கு பெரிய காரணம் அதுதான். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து, அங்கே ஆண் பெண் இருபாலரிடமும் ஏறத்தாழப் பாதிச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் புகைதான் காரணம் என்று கண்டது. புகையை நுரையீரலோடு மட்டும் சேர்த்துப் பார்க்கிறோம். அது சிறுநீர் வழியாகவும் வெளியேறுகிறது என்பதைச் சொல்பவர் குறைவு. விட்டுவிட்டால் ஆபத்து குறையும், ஆனால் பல ஆண்டுகள் எடுத்து மெதுவாகத்தான்.

வேறு காரணங்களும் இருக்கின்றன. குடிநீரில் ஆர்சனிக், இடுப்புப் பகுதிக்குக் கொடுத்த கதிர்வீச்சு, சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்து, எகிப்து போன்ற இடங்களில் ஸ்கிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணி. இந்த ஒட்டுண்ணி உண்டாக்குவது பெரும்பாலும் வேறு வகைப் புற்று, செதில் செல் வகை.

வலிக்காத இரத்தம்

2022 கணக்குப்படி உலகில் ஓர் ஆண்டில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம் வருகிறது. ஆனால் பெண்களுக்கு வரும்போது பல நேரம் தாமதமாகத்தான் தெரியவருகிறது. காரணம் எளியது, வருத்தமானதும்கூட. பெண்ணின் சிறுநீரில் இரத்தம் என்றால் கிருமித்தொற்று என்று எடுத்துக்கொண்டு ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இரத்தம் தானாக நிற்கிறது. மருந்து வேலை செய்துவிட்டது என்று எல்லாரும் நம்புகிறார்கள். சில மாதம் கழித்து மறுபடி வருகிறது.

கண்ணுக்குத் தெரியும்படி, வலியில்லாமல் வரும் இரத்தம்தான் இந்நோயின் முதன்மையான அறிகுறி. அது விட்டுவிட்டு வரும் என்பதுதான் அதிலுள்ள வஞ்சகம். கட்டியின் மேற்பரப்பு பூப்போல மென்மையானது. ஒருநாள் உராய்ந்து கசியும், பிறகு அடைத்துக்கொள்ளும். இரத்தம் நின்றது என்றால் கசிவு நின்றது என்று மட்டுமே பொருள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. அந்த மாத்திரை ஏற்கனவே இருக்கும் கட்டியைக் கசிய வைத்துக் காட்டிக்கொடுத்திருக்கலாம்.

உள்ளே பார்க்கும் வழி சிஸ்டோஸ்கோப்பி. சிறுநீர் வெளிவரும் பாதை வழியாகவே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, வெளிச்சம் பாய்ச்சிப் பையின் உள்சுவரை நேராகப் பார்ப்பது. 1806இல் ஃபிலிப் போட்சினி என்பவர் மெழுகுவர்த்தி ஒளியைக் குழாய்க்குள் திருப்பிவிடும் கருவி ஒன்றைச் செய்தார். 1877இல் மேக்ஸ் நிட்சே விளக்கையே உள்ளே கொண்டுபோகும் கருவியைச் செய்துகாட்டினார். 1910இல் நியூயார்க்கில் எட்வின் பீர், அந்தக் குழாய் வழியாகவே உயர் அதிர்வெண் மின்சாரத்தைச் செலுத்திக் கட்டியைச் சுட்டு அழிக்கலாம் என்று காட்டினார். வயிற்றைக் கிழிக்காமல் கட்டியை எடுக்கும் வழி அங்கே திறந்தது.

இன்று கட்டியைச் சுரண்டி எடுப்பது அந்த வழியில்தான். எடுக்கும்போது ஒன்றில் மருத்துவர் மிகவும் கவனமாக இருப்பார்: கட்டியோடு அதன் அடியில் இருக்கும் தசையும் கொஞ்சம் வர வேண்டும். எடுத்த திசுவைச் சோதித்த பயாப்ஸி முடிவு வந்ததும் நோயாளியோ குடும்பத்தினரோ கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: "மாதிரியில் தசை இருந்ததா?" தசையே இல்லாத மாதிரியை வைத்து, தசைக்குள் நோய் இறங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? ஐயம் இருந்தால் சில வாரத்தில் அதே இடத்தை மறுபடி சுரண்டிப் பார்ப்பதும் அதனால்தான். இரண்டாம் முறையா என்று பதற வேண்டாம், அது நல்ல மருத்துவம்.

நோய் பூச்சோடு நின்றால், அல்லது இணைப்புத் திசு வரை வந்து நின்றால், அது தசை தொடாத நிலை. கண்டறியப்படும்போது நான்கில் மூன்று பங்கினர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். தசைக்குள் இறங்கிவிட்டால் இரண்டாம் கட்டம், கொழுப்பைத் தொட்டால் மூன்று, பக்கத்து உறுப்புகளுக்குப் போனால் நான்கு. சில மில்லிமீட்டர் வேறுபாட்டில், பையை வைத்துக்கொண்டு வாழ்வதா இழப்பதா என்பது முடிவாகிறது.

காசநோய்த் தடுப்பூசி இங்கே எப்படி வந்தது

தசை தொடாத நிலையில் உயிருக்கு உடனடி ஆபத்து குறைவு. தொல்லை வேறு: எடுத்த கட்டி திரும்பத் திரும்ப வரும். அதனால்தான் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சிஸ்டோஸ்கோப்பி செய்துகொண்டே இருக்கிறார்கள். திரும்ப வராமல் தடுக்கும் மருந்துகளில், தீவிர வகைக் கட்டிகளுக்கு இன்றளவும் முதலிடத்தில் இருப்பது பி.சி.ஜி. ஆம், குழந்தைப் பருவத்தில் கையில் போட்டுத் தழும்பு விட்டுப்போகும் அதே காசநோய்த் தடுப்பூசி. உயிருள்ள, ஆனால் வலுவிழந்த கிருமி.

1929இலேயே ரேமண்ட் பேர்ல் என்ற அறிஞர், இறந்தவர்களின் உடல்களைச் சோதித்த பதிவுகளைப் பார்த்து, காசநோய் இருந்தவர்களிடம் புற்றுநோய் குறைவாகத் தெரிவதாக எழுதினார். அது ஒரு குறிப்பாகவே கிடந்தது. 1976இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அல்வாரோ மோரலெஸ் என்ற சிறுநீரியல் மருத்துவர், பி.சி.ஜி.யை கதீட்டர் (சிறுநீர்ப் பாதையில் நுழைக்கும் மெல்லிய குழாய்) வழியாக நேராகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திய முடிவுகளை வெளியிட்டார். மொத்தம் ஒன்பது நோயாளிகள். வாரம் ஒருமுறை, ஆறு வாரம். ஏன் ஆறு? அவர் வாங்கிய மருந்து ஆறு குப்பிகள் கொண்ட பெட்டியாக வந்தது. ஏன் வாரம் ஒருமுறை? பக்கவிளைவு தணிய ஒரு வாரம் போதும் என்று தோன்றியது. ஐம்பது ஆண்டு ஆகியும் உலகமெங்கும் அதே ஆறு வாரக் கணக்குத்தான் தொடர்கிறது. ஆராய்ச்சியில் சில முடிவுகள் இப்படியும் எடுக்கப்படுகின்றன, அவை சரியாகவும் அமைந்துவிடுகின்றன.

ஆனால் ஒன்பது பேரை வைத்து உலகுக்கே மருந்து எழுத முடியாது. அவர்களுக்குத் தானாகவே குணமாகியிருக்கலாமே? இந்த ஐயத்தைத் தீர்க்கத்தான் குலுக்கல் முறைச் சோதனை இருக்கிறது. ஒரே மாதிரி நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்து ஒப்பிடுவது. மருத்துவரின் விருப்பு வெறுப்பு அதில் நுழைய முடியாது. 1980இல் டொனால்டு லாம் என்பவர் குழு பி.சி.ஜி.க்கு அப்படியொரு சோதனை நடத்திப் பலனை உறுதி செய்தது. 2000இல் வெளியான இன்னொரு பெரிய சோதனையில், ஆறு வாரத்தோடு நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பாமல் இருந்த காலத்தின் இடைநிலை (பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதைவிடக் கூடுதல்) ஏறக்குறைய 36 மாதம். மூன்று ஆண்டு வரை விட்டுவிட்டுத் தொடர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 77 மாதம். இரண்டு மடங்குக்கும் மேல். கூடவே இன்னொரு எண்ணையும் சொல்ல வேண்டும்: தொடர் சிகிச்சைக் குழுவில் முழுக் கணக்கையும் முடித்தவர்கள் 16 சதவீதம்தான். எரிச்சல், காய்ச்சல், அடிக்கடி சிறுநீர் போகும் உணர்வு ஆகியவற்றைத் தாங்குவது அவ்வளவு எளிதல்ல.

பி.சி.ஜி. புற்றுச் செல்லை நஞ்சு வைத்துக் கொல்வதில்லை. கிருமி உள்சுவரில் ஒட்டிக்கொள்ள, உடலின் காவல் செல்கள் படையாகத் திரண்டு வருகின்றன. கிருமியை விரட்ட வந்த படை கட்டியையும் சேர்த்துத் தாக்குகிறது. அதனால்தான் கதீட்டர் போடும்போது காயமாகி இரத்தம் வந்தால் அன்றைய மருந்தைத் தள்ளிவைப்பார்கள். சுவர் முழுதாக இருக்கும் வரை கிருமி பைக்குள் நிற்கும். சுவர் கிழிந்திருந்தால் அது இரத்தத்தில் ஏறி உயிருக்கே உலை வைக்கும்.

தசைக்குள் இறங்கிய பிறகு

இந்த நிலையில் பல காலமாக வழக்கத்தில் இருக்கும் சிகிச்சை சிறுநீர்ப்பையை முழுவதுமாக அகற்றுவது. அகற்றிய பின் சிறுநீருக்கு வேறு வழி வேண்டும். 1950இல் யூஜின் பிரிக்கர் பரவலாக்கிய முறையில், சிறுகுடலில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து, சிறுநீரகங்களில் இருந்து வரும் குழாய்களை அதில் இணைத்து, மறுமுனையை வயிற்றின் தோலில் திறந்துவிடுவார்கள். சிறுநீர் வெளியே ஒட்டிய பையில் சேரும். சிலருக்குக் குடல் துண்டையே உருண்டைப் பையாகத் தைத்துப் பழைய இடத்தில் வைப்பதும் உண்டு. குடல் உறிஞ்சுவதற்காகப் படைக்கப்பட்டது, சிறுநீர்ப்பை உறிஞ்சாமல் இருப்பதற்காக. எனவே குடலால் செய்த பை கழிவைக் கொஞ்சம் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும், சளியும் சுரக்கும். வாழ்நாள் முழுக்க இரத்தப் பரிசோதனையோடு கவனிக்க வேண்டும்.

அறுவைக்கு முன்பே கீமோ கொடுத்தால் என்ன என்று ஓர் அமெரிக்கக் கூட்டுக்குழு சோதித்தது. 317 நோயாளிகளைச் சேர்க்கவே பதினோரு ஆண்டு பிடித்தது. 2003இல் வந்த முடிவு: நேராக அறுவைக்குப் போனவர்களின் இடைநிலை ஆயுள் 46 மாதம், முதலில் கீமோ பெற்றவர்களுக்கு 77 மாதம். கண்ணுக்குத் தெரியாமல் வேறு இடங்களுக்குப் போய்விட்ட செல்களை முன்கூட்டியே தாக்குவதுதான் இதன் தர்க்கம். பையைக் காப்பாற்றும் வழியும் உண்டு. 360 பேரைச் சேர்த்துப் பிரிட்டனில் நடந்த சோதனையின் முடிவு 2012இல் வந்தது. கதிர்வீச்சோடு கீமோவும் சேர்த்தவர்களில் 67 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டில் அந்தப் பகுதியில் நோய் திரும்பவில்லை. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் அது 54 சதவீதம். எல்லாருக்கும் பொருந்தாது, ஆனால் இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல் எவரும் அறுவைக்குக் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் கருத்து.

உடலெங்கும் பரவிய நோய்க்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிஸ்பிளாட்டின் கீமோவை மிஞ்ச எதுவும் வரவில்லை. 2023இல் அது மாறியது. என்ஃபோர்ட்டுமாப் வெடோட்டின், பெம்ப்ரோலிசுமாப் என்ற இரண்டு மருந்துகளின் கூட்டணி, 886 பேரைச் சேர்த்த சோதனையில், இடைநிலை ஆயுளை 16 மாதத்தில் இருந்து 31 மாதத்துக்கு மேல் கொண்டுபோனது. முதல் மருந்து புற்றுச் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு நஞ்சை அங்கேயே இறக்குகிறது. இரண்டாவது, தூங்கவைக்கப்பட்ட காவல் செல்களை எழுப்புகிறது.

மனிதப் புற்றுநோய்க்கே காரணமான மரபணுப் பிழை முதன்முதலில் எழுத்துச் சுத்தமாகப் படிக்கப்பட்டதும் சிறுநீர்ப்பைக் கட்டியில் இருந்து வளர்த்த செல்களில்தான். ஆண்டு 1982. ராஸ் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதத்தின் பன்னிரண்டாம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் வேலின் வந்து உட்கார்ந்திருந்தது. செல்லின் போக்கை அவ்வளவு பெரிதாக மாற்ற ஓர் எழுத்து போதுமானதாக இருந்தது.

பை நிறைந்திருந்ததா?

இனி விபத்துக்கு வருவோம். சிறுநீர்ப்பை காலியாக இருக்கும்போது இடுப்பெலும்புகளுக்குப் பின்னால் பத்திரமாக ஒடுங்கியிருக்கும். நானூறு ஐந்நூறு மில்லிலிட்டர் நிறைந்தால் அடிவயிற்றுக்குள் எழும்பிவிடும். அப்போது எலும்பின் காவல் இல்லை. அந்த நேரம் பார்த்து வயிற்றில் பலமான அடி விழுந்தாலோ, மோதலில் சீட் பெல்ட் இறுக்கினாலோ, உள்ளே அழுத்தம் ஒரேயடியாக ஏறி, பையின் மிக வலுவற்ற இடமான கூரை பிளந்துவிடும். கூரைக்கு மேல்தான் பெரிட்டோனியப் போர்வை இருக்கிறது என்று முன்பே பார்த்தோம். அதுவும் சேர்ந்து கிழிவதால் சிறுநீர் குடல்கள் கிடக்கும் வயிற்றறைக்குள் கொட்டுகிறது.

இடுப்பெலும்பு முறியும்போது கதை வேறு. எலும்பு விலகும் இழுப்பிலோ, முறிந்த முனை குத்தியோ பையின் கீழ்ப்பகுதி, பக்கவாட்டில் கிழிகிறது. அங்கே போர்வை இல்லை. சிறுநீர் சுற்றியுள்ள கொழுப்புத் திசுவில் தேங்கும், வயிற்றறைக்குப் போகாது. இந்த வகைதான் அதிகம், ஏறத்தாழ ஐந்தில் மூன்று. பத்தில் ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தே நிகழும்.

ஏன் இந்தப் பாகுபாடு? சிகிச்சையே இதைப் பொறுத்துத்தான். போர்வைக்கு வெளியே கிழிந்தால் பெரும்பாலும் கத்தி வேண்டாம். கதீட்டர் போட்டு, பையைக் காலியாகவே வைத்திருந்தால் பத்துப் பதினான்கு நாளில் சுவர் தானாக மூடிக்கொள்ளும். வயிற்றறைக்குள் கிழிந்தால் தைத்தே ஆக வேண்டும். அந்த ஓட்டை பெரும்பாலும் பெரிது, தானாக மூடாது. கொட்டிய சிறுநீரைப் பெரிட்டோனியம் உறிஞ்சி இரத்தத்துக்கே திருப்பி அனுப்பும். இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ஏறியிருக்கும், சிறுநீரகம் பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். சிறுநீரகம் நன்றாகத்தான் இருக்கும். அது வெளியேற்றியதே சுற்றிக்கொண்டு உள்ளே வருகிறது. கிருமி இல்லாத சிறுநீர் தொடக்கத்தில் பெரிய வலியையும் தராது. அதனால்தான் சிலருக்கு இது ஓரிரு நாள் தெரியாமலே போகிறது.

கண்டுபிடிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விபத்தில் வந்தவருக்கு எடுக்கும் வழக்கமான சி.டி. ஸ்கேன் சில நேரம் இதைத் தவறவிடும். காலிப் பையில் இருக்கும் சிறிய கிழிசல் மடிப்புக்குள் மறைந்துவிடும். எனவே கதீட்டர் வழியாகக் குறைந்தது 300 மில்லிலிட்டர், படத்தில் தெளிவாகத் தெரியும் சாயத்திரவத்தைப் பைக்குள் செலுத்தி, அது விரிந்த நிலையில் படம் எடுக்க வேண்டும். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பவர் முதலில் காற்றடிப்பது எதற்கோ அதற்குத்தான் இதுவும்.

ஆனால் கதீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு போடவும் கூடாது. ஆணுறுப்பின் நுனியில் இரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் தவித்தாலோ, சிறுநீர் வெளிவரும் பாதையே அறுந்திருக்கலாம். அரைகுறையாகக் கிழிந்த பாதையில் குழாயை அழுத்தித் தள்ளினால் முழுதாக அறுந்துவிடும். முதலில் சாயம் செலுத்திப் படம் எடுத்துப் பார்ப்பது நல்லது. அறுந்திருந்தால் அடிவயிறு வழியாக நேராகப் பைக்குள் குழாய் வைத்துவிட்டு, மாதங்கள் கழித்துப் பாதையைச் சீர்செய்வார்கள். பாதை சுருங்கிப்போன சிலருக்குக் கன்னத்தின் உள்தோலை எடுத்து ஒட்டுப்போடுகிறார்கள். எப்போதும் ஈரத்தில் இருந்து பழகிய தோல் அது, அதனால் அங்கே நன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

காயம் பற்றிய ஆராய்ச்சி புற்றுநோய் ஆராய்ச்சியைவிட ஒரு வகையில் கடினம். மயங்கிக் கிடப்பவரிடம் குலுக்கலுக்குச் சம்மதம் வாங்க முடியாது. ஒருவர் காயம்போல் இன்னொருவருடையது இருப்பதில்லை. அதனால் இங்கே அறிவு வேறு வழியில் சேர்கிறது: வருகிற ஒவ்வொருவரையும் ஒரே அளவுகோலில் பதிவு செய்து, ஆண்டுக்கணக்கில் சேர்த்துப் பார்ப்பது. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜாக் மெக்கனின்ச் குழு பத்தாண்டு காலம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுநீரகக் காயங்களைப் பதிவு செய்து 1989இல் வெளியிட்டது. மழுங்கிய அடி பட்ட பெரியவருக்கு இரத்த அழுத்தம் விழாமல், நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் அளவு இரத்தம் இருந்தால், பெரிய சிறுநீரகக் காயம் இருப்பது மிக அரிது என்று அது காட்டியது. அதே 1989இல்தான் உறுப்புக் காயங்களை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிக்கும் அளவுகோலும் வந்தது. எல்லாரும் ஒரே மொழியில் பேசத் தொடங்கிய பிறகு, திறக்காமல் காத்திருந்தாலே பெரும்பாலான சிறுநீரகங்கள் ஆறிவிடுகின்றன என்பது தெளிவானது. சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள இறுக்கமான உறைக்குள் இரத்தம் தேங்கி, அந்த அழுத்தமே கசிவை நிறுத்திவிடுகிறது. அவசரமாகத் திறந்தால் அந்தப் பிடி விட்டுப்போய், சிறுநீரகத்தையே எடுக்க நேரிடும். பொறுத்திருப்பதற்கும் இங்கே துணிவு வேண்டும்.

இழந்ததை மறுபடி உண்டாக்க

நோயால் போனாலும் அடியால் போனாலும், போன பைக்கு மாற்று என்ன என்ற கேள்வியில் இரண்டு பாதைகளும் சேர்கின்றன. 2006இல் ஆந்தனி அட்டாலாவின் குழு, தண்டுவடக் குறையோடு பிறந்த ஏழு பேரின் சொந்தச் சிறுநீர்ப்பைச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, கரையக்கூடிய அச்சில் படியவிட்டுப் பொருத்தியதாக அறிவித்தது. உலகமே வியந்தது. பிறகு அதே வழியில் பத்துப் பேருக்குச் செய்த இன்னொரு சோதனையின் முடிவு 2014இல் வந்தபோது, எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை, கடுமையான சிக்கல்களும் நேர்ந்தன. முதல் செய்தி போன தொலைவுக்கு இரண்டாவது செய்தி போகவில்லை. மருத்துவச் செய்தி படிக்கும்போது, "இதை வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா?" என்று கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

2025 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் நீமா நசிரி, இந்தர்பீர் கில் தலைமையில் மனிதருக்கு முதல் சிறுநீர்ப்பை மாற்று அறுவை நடந்தது. இடுப்பின் ஆழத்தில் இரத்தக்குழாய்கள் பின்னிக் கிடப்பதால் இவ்வளவு காலம் எவரும் துணியவில்லை. ஒரு சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் சேர்த்துப் பொருத்த எட்டு மணி நேரம் ஆனது. புதிய சிறுநீரகம் உடனே சிறுநீரைச் சுரந்தது, அது புதிய பைக்குள் வடிந்தது. நரம்புகளை இணைக்கும் வழி இன்னும் இல்லை.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. பிறர் உறுப்பை உடல் ஏற்க வேண்டுமானால், காவல் செல்களை மருந்தால் அடக்கி வைக்க வேண்டும். புற்றுநோயாளிக்கோ அதே காவல் செல்களை எழுப்பிவிடத்தான் பி.சி.ஜி. முதல் பெம்ப்ரோலிசுமாப் வரை கொடுக்கிறோம். எனவே புற்றுநோயோடு போராடிக்கொண்டிருப்பவருக்கு இந்த அறுவை இப்போதைக்குப் பொருந்தாது. ஏற்கனவே அடக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள், அல்லது சிறுநீரக மாற்றுக்காக எப்படியும் சாப்பிட வேண்டியவர்கள், இவர்களில் இருந்துதான் முதல் நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.